மூணு மணி நேரம் கிட் சொல்லிக் கொடுத்தேன்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். "ஆன்லைன் கோர்ஸ் ஆயிரம் இருக்கு, எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு உங்கள்ல நிறைய பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தீங்க. அதுக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடுவுல ஆபீஸ்ல ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லாம இதுக்குப் பதில் சொன்னா பொய்யா இருக்கும். அதனால முதல்ல அது.

நான் வேலை பார்க்கிற இடத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை ஃப்ரெஷர்ஸ் பேட்ச் வரும். முதல் மூணு வாரம் டிரெய்னிங். அதுல கிட் கிளாஸ் என் பொறுப்பு. கிட் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: பல பேர் ஒரே கோடு மேல வேலை செய்யும்போது, யார் எதை எப்போ மாத்தினாங்கன்னு கணக்கு வெச்சுக்கிற கருவி அது. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தெரியாம அழிச்சிடக் கூடாதுங்கிறதும் அதோட வேலைதான். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

மூணு மணி நேர கிளாஸ். முதல் நாற்பது நிமிஷம் வரலாறு. 2005-ல லினக்ஸ் கெர்னல் ஆளுங்க பயன்படுத்திக்கிட்டிருந்த பிட்கீப்பர் இனி இலவசமா கிடைக்காதுன்னு ஆனதும், லினஸ் டோர்வால்ட்ஸ் தானே உட்கார்ந்து கிட்டை எழுதின கதை. எனக்கு அந்தக் கதை சொல்றது ரொம்பப் பிடிக்கும். அப்புறம் பிராஞ்ச், மெர்ஜ், ரீபேஸ் எல்லாம். கடைசி பத்து நிமிஷத்துல, மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தா என்ன பண்ணணும்னு என் ஸ்கிரீன்ல ஒரு தடவை பண்ணிக் காட்டினேன். ஃபீட்பேக் ஃபார்ம்ல அஞ்சுக்கு 4.7. எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்தது.

மூணு வாரம் கழிச்சு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அந்த பேட்ச்ல வந்த ஒரு பொண்ணு, எங்க டீம்லதான் போட்டிருந்தாங்க. அவங்க கோடை புஷ் பண்ணப் பார்த்திருக்காங்க. கிட் ஏத்துக்கல. "உன்கிட்ட இல்லாத வேற மாற்றங்கள் அங்க இருக்கு, முதல்ல அதை எடுத்துக்கோ"ங்கிற அர்த்தத்துல ஒரு சிவப்பு மெசேஜ். பயந்துட்டாங்க. இன்டர்நெட்ல தேடியிருக்காங்க. முதல்ல கண்ணுல பட்ட பதில், ஃபோர்ஸ் புஷ். அடிச்சாங்க. போயிடுச்சு. கூடவே சீனியர் ஒருத்தரோட ரெண்டு நாள் வேலையும் அந்த பிராஞ்ச்லேர்ந்து போயிடுச்சு.

மறுநாள் காலையில கிளையன்ட்டுக்கு டெமோ. அந்த சீனியர் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல மதுரைக்குக் கிளம்பிட்டார். நல்லவேளையா லேப்டாப் அவர்கிட்ட இருந்தது. செங்கல்பட்டு தாண்டினதும் நெட்வொர்க் வர்றதும் போறதுமா. அவர் மேல் பெர்த்ல படுத்துக்கிட்டு ஹாட்ஸ்பாட் போட்டு, தன்கிட்ட இருந்த பிரதியை மறுபடி ஏத்தி, நாங்க இங்கேர்ந்து சரி பார்த்து, முடியும்போது மணி பதினொன்றரை. டெமோ நல்லபடியா நடந்தது. அதோட முடிஞ்சிருக்க வேண்டியது.

முடியல. வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். டிரெய்னிங் ரெக்கார்டைத் திறந்து வெச்சிருந்தார். அதுல ஒரு காலம், தலைப்பு "அவுட்கம்". அவங்க பேருக்கு நேரா: மெர்ஜ் கான்ஃப்ளிக்டைத் தானாகவே தீர்க்க முடியும் – ஆம். கீழ என் கையெழுத்து. "இவங்களுக்குத் தெரியும்னு நீதானே எழுதிக் கொடுத்திருக்க? தெரிஞ்சும் இப்படிப் பண்ணினா அது அலட்சியம்தானே?" புரொபேஷன் ரிவ்யூவில் அதைக் குறிப்பா எழுதப் போறதா சொன்னார்.

அவர் சொன்னதுல லாஜிக் தப்பே இல்ல. தப்பு அந்த 'ஆம்'ல இருந்தது. அதை நான் எப்போ போட்டேன் தெரியுமா? கிளாஸுக்கு முந்தின நாள். பதினெட்டு பேர். முதல் பேருக்கு நேரா 'ஆம்'னு டைப் பண்ணி, செல்லோட ஓரத்தை மவுஸால பிடிச்சு, கீழ வரைக்கும் இழுத்தேன். ஒரு செகண்டு வேலை.

சாயங்காலம் டீ குடிக்கப் போனப்ப அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், கிளாஸ்ல சொன்னேனேம்மா, ஏன் கேட்கலன்னு. அவங்க சொன்னது இதுதான். "காட்டினீங்க அண்ணா. நான் ஒரு தடவை கூட பண்ணிப் பார்க்கல."

சரி. இப்போ விஷயத்துக்கு வருவோம். கோர்ஸ் டிசைன்ல ரெண்டு வார்த்தை அடிக்கடி வரும். லேர்னிங் அப்ஜெக்டிவ், லேர்னிங் அவுட்கம். தமிழ்ல கற்றல் நோக்கம், கற்றல் விளைவு. நோக்கம் என்பது சொல்லிக் கொடுக்கிறவரோட பக்கம்: இந்தக் கோர்ஸ்ல நான் எதைக் கொண்டு சேர்க்கப் போறேன், ஏன். விளைவு என்பது படிக்கிறவரோட பக்கம்: முடிஞ்சதும் அவரால எதைச் செஞ்சு காட்ட முடியும். "கிட்டை அறிமுகப்படுத்துவது" நோக்கம். "கான்ஃப்ளிக்ட் வந்த ஒரு ரெப்போவைக் கொடுத்தா, யாரோட கோடையும் அழிக்காம சேர்த்து முடிப்பார்" விளைவு.

இந்த வித்தியாசம் ஏதோ வார்த்தை விளையாட்டு மாதிரித் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. ஆனா ஒரு இடத்துல இது சட்டுனு பிரியும். என் நோக்கம் நிறைவேறினதா இல்லையான்னு என்னாலேயே சொல்லிட முடியும். ஸ்லைடு எல்லாம் போட்டேனா? போட்டேன். முடிஞ்சது. விளைவை அப்படிச் சொல்ல முடியாது. எதிர்ல இருக்கிறவர் செஞ்சு காட்டணும். காட்ட முடியாமலும் போகலாம். 'இல்லை'ன்னு பதில் வர வாய்ப்பே இல்லாத ஒண்ணை அவுட்கம்னு எழுதினா, அது வேஷம் மாத்தின நோக்கம்தான். நான் இழுத்துவிட்ட பதினெட்டு 'ஆம்'மும் அதுதான்.

எட்டு போட்டிருக்கீங்களா? டூவீலர் லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துல. அங்க யாரும் "வண்டி ஓட்டும் கலையை அறிந்திருக்கிறாயா?"ன்னு கேட்க மாட்டாங்க. எட்டு வடிவத்துல ஓட்டணும், கால் ஊனக் கூடாது. அவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூல் போனீங்களா, மாமாவோட ஸ்ப்ளெண்டர்ல தெருவுல விழுந்து எழுந்து கத்துக்கிட்டீங்களா, அதைப் பத்தி அவங்களுக்குக் கவலையே இல்ல. கால் கீழ பட்டா, அடுத்த தடவை வாப்பா. பார்க்க முடியுது, அளக்க முடியுது, 'இல்லை'யும் வருது. சுத்தமான அவுட்கம்.

ஆனா எட்டு போட்டவர் எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு கத்திப்பாரா கிட்ட வண்டி ஓட்டிடுவாரா? மாட்டார். அதனால அளக்க முடியுதுங்கிறதுக்காக மட்டும் ஒண்ணை அவுட்கமா வெச்சா, ஜனங்க அந்த எட்டை மட்டும் கத்துக்குவாங்க. இதுக்குத் திரும்ப வர்றேன்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இந்த ரெண்டு வார்த்தையும் புதுசு இல்ல. அண்ணா யுனிவர்சிட்டி சிலபஸை ஞாபகப்படுத்திக்கோங்க. ஒவ்வொரு பேப்பருக்கும் மேல அப்ஜெக்டிவ்ஸ். நடுவுல அஞ்சு யூனிட். கீழ, கோர்ஸ் முடிவுல மாணவரால என்னென்ன முடியும்னு அவுட்கம்ஸ். நாம படிச்சது நடுவுல இருக்கிறதை மட்டும். மேலயும் கீழயும் இருக்கிறதை ஜெராக்ஸ் எடுக்கும்போதே மடிச்சு விட்டுடுவோம்.

அந்தக் கீழ்ப்பகுதி சும்மா வரல. 2014 ஜூன்ல இந்தியா வாஷிங்டன் அக்கார்டுல நிரந்தர உறுப்பினர் ஆச்சு. பல நாடுகளோட இன்ஜினியரிங் அங்கீகார அமைப்புகள் ஒருத்தர் அங்கீகாரத்தை ஒருத்தர் ஏத்துக்கிற ஒப்பந்தம் அது. நம்ம பக்கத்துல என்.பி.ஏ., அதாவது தேசிய அங்கீகார வாரியம். அந்த ஒப்பந்தத்தோட அடிப்படையே, என்ன சொல்லிக் கொடுத்தீங்கன்னு பார்க்காம, படிச்சு வெளிய வர்றவரால என்ன முடியும்னு பாருங்கங்கிறதுதான். நான் படிச்ச காலத்துல டிகிரிக்கு மொத்தமா 12 புரோகிராம் அவுட்கம்ஸ். ஒவ்வொரு பேப்பரோட கோர்ஸ் அவுட்கமும் அந்த 12-ல எதுக்கு எவ்வளவு உதவுதுன்னு 1, 2, 3-ன்னு மார்க் போட்டு ஒரு டேபிள். சி.ஓ.-பி.ஓ. மேப்பிங்னு சொல்வாங்க.

எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம். நடந்தது என்ன? என் காலேஜ் பேரைச் சொல்லப் போறதில்ல. இன்ஸ்பெக்‌ஷன் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, எங்க ஸ்டாஃப் ரூம்ல ராத்திரி எட்டு மணி வரைக்கும் லைட் எரியும். அந்த டேபிளை மேடம்லாம் உட்கார்ந்து நிரப்பிக்கிட்டிருப்பாங்க. கோர்ஸ் எக்ஸிட் சர்வேன்னு எங்ககிட்ட ஒரு ஃபார்ம். "எல்லாத்துக்கும் 3 போடுங்கப்பா, ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் 2 போடுங்க, நம்புற மாதிரி இருக்கணும்"னு சொன்னாங்க. நாங்க சிரிச்சுக்கிட்டே போட்டோம். அந்த மேடம் மேல எனக்கு இன்னைக்கும் கோபம் இல்ல. வாரத்துக்கு அத்தனை பீரியட் எடுத்துட்டு, அறுபது பேரோட பேப்பரையும் திருத்திட்டு, அதுக்கு மேல இந்த டேபிள். அவங்க போட்ட 3-க்கும் நான் இழுத்துவிட்ட 'ஆம்'முக்கும் என்ன வித்தியாசம்? அன்னைக்கு அவங்களைப் பார்த்துச் சிரிச்ச நான், சம்பளம் வாங்கிக்கிட்டு அதையே பண்ணியிருக்கேன்.

கேள்வித்தாளும் அப்படித்தான். கேள்விக்குப் பக்கத்துல ப்ளூம் லெவல் போடுவாங்க. பெஞ்சமின் ப்ளூமும் அவர் குழுவும் 1956-ல போட்ட வரிசை, 2001-ல திருத்தினாங்க. நினைவுபடுத்துறது, புரிஞ்சுக்கிறது, பயன்படுத்துறது, பகுத்துப் பார்க்கிறது, மதிப்பிடுறது, உருவாக்குறது. எங்க இன்டர்னல் பேப்பர்ல ஒரு 13 மார்க் கேள்வி, பக்கத்துல "பகுத்துப் பார்த்தல்"னு லெவல். பதில் லோக்கல் ஆதர் புக்ல அப்படியே மூணு பக்கம் இருக்கும். முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணி எழுதினோம். லேபிள் பகுத்துப் பார்க்கிறது, நடந்தது நினைவுபடுத்துறது. அந்த மார்க்கை வெச்சுத்தான், இந்த அவுட்கம் இத்தனை சதவீதம் அடைஞ்சாச்சுன்னு கணக்குப் போடுவாங்க.

ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். இந்த ரெண்டு வார்த்தையும் குழம்புறது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. என் சித்தி பையன் ஸ்கூல் அறிவியல் புத்தகத்தைப் பார்த்தேன். "கற்றலின் நோக்கங்கள்"னு தலைப்பு இருக்கு. அடியில, பாடத்தைப் படிச்சு முடிச்சதும் மாணவர் பெறும் திறன்கள்னு பட்டியல். தலைப்பு நோக்கம், சரக்கு விளைவு. ராபர்ட் மேகர்னு ஒரு அமெரிக்கர், 1962-ல கற்பித்தல் நோக்கங்களை எப்படி எழுதுறதுன்னு ஒரு சின்ன புத்தகம் போட்டார். பேர்ல 'அப்ஜெக்டிவ்'தான் இருக்கு. ஆனா அவர் கேட்கிறது அத்தனையும் நாம இன்னைக்கு அவுட்கம்னு சொல்றதுதான். அதனால வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு யாரோடயும் சண்டை போடாதீங்க. கீழ என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

மேகர் மூணு விஷயம் கேட்பார். படிக்கிறவர் என்ன செய்வார்? எந்தச் சூழ்நிலையில செய்வார்? எவ்வளவு நல்லா செஞ்சா போதும்? எட்டு போடுறதுல இந்த மூணும் இருக்கு பாருங்க. ஓட்டுவார், ஆர்.டி.ஓ. மைதானத்துல, கால் ஊனாம. என் கிட் கிளாஸ்ல முதல்ல இருக்கிறது மட்டும்தான் இருந்தது, அதுவும் மங்கலா. "புரிந்துகொள்வார்", "அறிந்திருப்பார்" – இந்த ரெண்டு வினைச்சொல்லும் வந்தா நான் இப்போ உஷாராயிடறேன். ஒருத்தர் புரிஞ்சுக்கிறதை எந்தக் கேமராவாலயும் பிடிக்க முடியாது. புரிஞ்சதால அவர் செய்யிற ஒண்ணைத்தான் பிடிக்க முடியும்.

அந்த வார இறுதியில நான் கோர்ஸை மறுபடி எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை கடைசியிலேர்ந்து. ஜான் பிக்ஸ்னு ஒரு கல்வியாளர் இதுக்கு வெச்ச பேர் கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட். பேர்தான் பெருசு, விஷயம் எளிமை. என்ன செய்ய வரணும்னு முதல்ல எழுது. அதைத்தான் டெஸ்ட்ல கேள். அதைத்தான் கிளாஸ்ல பண்ண வை. மூணும் ஒரே நேர்கோட்டில இருக்கணும். என் பழைய கிளாஸ்ல, எழுதினது கான்ஃப்ளிக்ட் தீர்ப்பார்னு. கிளாஸ்ல பண்ணினது லினஸ் கதை. டெஸ்ட் எதுவுமே இல்ல, ஃபீட்பேக் ஃபார்ம்தான். கிளாஸ் பிடிச்சிருந்ததான்னு கேட்டேன், பிடிச்சிருந்ததுன்னாங்க. நான் கேட்டது என்னைப் பத்தி.

புதுசா எழுதின அவுட்கம் இதுதான்: "புஷ் நிராகரிக்கப்பட்ட ஒரு ரெப்போவைக் கொடுத்தால், இன்டர்நெட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதியோடு, முப்பது நிமிடத்துக்குள், இரண்டு பேருடைய மாற்றங்களும் இருக்கும்படி சேர்த்து புஷ் செய்வார்." அந்த 'இன்டர்நெட் பார்க்கலாம்' முக்கியம். அங்கதான் எட்டு போடுறதுல இருக்கிற பிரச்சினைக்குத் திரும்ப வர்றேன். மைதானத்துல எதிர்ல பஸ் வராது. எங்க வேலையில பஸ் எப்பவும் வரும். அந்தப் பொண்ணு கமாண்டு தெரியாம மாட்டல. தப்பான பதிலைத் தேடி எடுத்து மாட்டினாங்க. அதனால டெஸ்ட்லயும் அந்தத் தப்பான பதில் கண்ணு முன்னாடி இருக்கணும், அதை அவங்க தாண்டி வரணும். கமாண்டுகளை மனப்பாடமா எழுதச் சொல்லியிருந்தா பதினெட்டு பேரும் பாஸ் ஆகியிருப்பாங்க. மறுபடி ஒரு வியாழக்கிழமை வந்திருக்கும்.

அடுத்த பேட்ச்ல பதினாலு பேர். லினஸ் கதை அஞ்சு நிமிஷமாச்சு. முழுசா தூக்க மனசு வரல, என்னை மன்னிச்சிடுங்க. மீதி நேரம் முழுக்க அவங்க கை கீபோர்டுல. ரெண்டு ரெண்டு பேரா உட்கார வெச்சு, ஒரே ஃபைலில் ஒரே வரியை ரெண்டு பேரும் மாத்த வெச்சு, அவங்களே கான்ஃப்ளிக்ட் உண்டாக்கி, அவங்களே தீர்க்கணும். கடைசில டெஸ்ட். பதினாலுல ஒன்பது பேர் முடிச்சாங்க. அஞ்சு பேரால முடியல. அதுல ஒருத்தர் என் கண்ணு முன்னாடியே ஃபோர்ஸ் புஷ் அடிச்சார். ஃபீட்பேக் 4.1. "கிளாஸ் கொஞ்சம் கஷ்டமா இருந்தது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார்.

சுருக்கமா சொன்னா ரிப்போர்ட்ல நான் போன தடவையை விட மோசமான டிரெய்னர். ஆனா எந்த அஞ்சு பேருக்கு மறுநாள் தனியா உட்காரணும்னு எனக்குத் தெரிஞ்சது. போன தடவை பதினெட்டுல யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு எனக்கு எதுவுமே தெரியாது.

இதைக் கேட்டுட்டு நோக்கமே வேண்டாமான்னு கேட்காதீங்க. எனக்கு நோக்கம் வேணும். கிட் கிளாஸ்ல என்னோட இன்னொரு நோக்கம், இவங்க சீனியர்கிட்ட சந்தேகம் கேட்கப் பயப்படக் கூடாதுங்கிறது. அதை முப்பது நிமிஷ டெஸ்ட்ல அளக்க முடியாது. அளக்க முடியலன்னு தூக்கிப் போட்டா கிளாஸ் வறண்டு போயிடும். அதுக்காக "தயக்கமின்றிச் சந்தேகம் கேட்பார் – ஆம்"னு காலத்துல எழுதவும் மாட்டேன். அது நோக்கம்னு மேல இருக்கட்டும். நான் முயற்சி பண்றேன், அவ்வளவுதான்.

கோர்ஸ் தேர்ந்தெடுக்கிறதைப் பத்திக் கேட்டவங்களுக்கு இப்போ பதில். கோர்ஸ் பக்கத்தைத் திறந்ததும் "இதைப் பத்தித் தெரிஞ்சுக்குவீங்க", "அதை அறிமுகம் செய்துக்குவீங்க"ன்னே இருந்தா, அது அவங்க என்ன பேசப் போறாங்கங்கிற பட்டியல். அதுவும் தேவைதான், ஆனா அதுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி, கடைசியில நீங்க எதைச் செஞ்சு முடிச்சு யார்கிட்ட காட்டப் போறீங்கன்னு தேடுங்க. நீங்க ஃபெயில் ஆக ஒரு இடமாவது அந்தக் கோர்ஸ்ல இருக்கான்னு பாருங்க. வீடியோ எல்லாம் ஓடி முடிஞ்சதும் தானா சர்டிஃபிகேட் வந்து விழுந்தா, அது நான் மவுஸால இழுத்த 'ஆம்'தான், கொஞ்சம் அழகான டிசைன்ல.

அந்தப் பொண்ணு என்ன ஆனாங்கன்னு கேட்பீங்க. நான் மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன். அந்த 'ஆம்' கிளாஸுக்கு முந்தின நாள் போட்டது, பதினெட்டு பேர்ல யாரையும் நான் சோதிச்சுப் பார்க்கல, ரெக்கார்டு தப்புன்னு. அதை எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, ஏன்னா என் அப்ரைசலும் அந்த மாசம்தான். அவர் நேர்ல கூப்பிட்டு, "இதை எழுத்துல குடுக்கணுமாப்பா?"ன்னு மட்டும் கேட்டார். கொடுத்தாச்சு சார்னேன். ரிவ்யூல அந்தக் குறிப்பு வரல. புரொபேஷன் முடிஞ்சு கன்ஃபர்ம் ஆயிட்டாங்க. புது பேட்ச்ல தேறாத அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு அவங்கதான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாங்க. "அந்த சிவப்பு மெசேஜைப் பார்த்தா முதல்ல கையை கீபோர்டுலேர்ந்து எடு"ன்னு ஆரம்பிச்சாங்க. என் அறுபத்திரண்டு ஸ்லைடுல அது இல்ல.

எச்.ஆர்.லேர்ந்து போன வாரம் மெயில். புது பேட்ச் ஷீட்ல அவுட்கம் காலத்துல அஞ்சு பேருக்கு 'இல்லை'ன்னு இருக்காம், டிராப்டவுன்ல அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாதாம், சிஸ்டம் எரர் காட்டுதாம், திருத்தி அனுப்பணுமாம். இன்னும் பதில் போடல. என்ன எழுதலாம்னு உங்களுக்கு ஏதாவது தோணினா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.